விக்கி விக்கி வந்த மாப்பிள்ளை

அத்தைக்குப் பள்ளிக்கூடத்தில் இலவச லேப்டாப் கொடுத்தபோது எனக்கு ஏழு வயது. அப்பா அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, டிவிக்குப் பக்கத்தில் ஒரு வாரம் அப்படியே வைத்திருந்தார். திறந்தால் கெட்டுவிடும் என்று நினைத்திருப்பார் போல. எட்டாம் நாள் அத்தை அதைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள்.

அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. நாங்கள் இருந்தது மாப்பிள்ளையூரணியில். அப்பாவுக்குப் பலசரக்குக் கடை, கடைக்குப் பின்னாலேயே வீடு. அத்தையின் அப்பா அம்மா இருவரும் நான் பிறக்கும் முன்பே இறந்துவிட்டதால், அவளைப் படிக்க வைப்பதும் கட்டிக் கொடுப்பதும் என் அப்பாவின் பொறுப்பாகிவிட்டது. அந்தப் பொறுப்பில் முடிவெடுக்கும் பகுதியை மட்டும், தூத்துக்குடி டவுனில் இருந்த பெரியப்பா தன்னிடம் வைத்துக்கொண்டிருந்தார்.

பொத்தானை அமுக்கியதும் விண்டோஸா லினக்ஸா, எந்த இயங்குதளம் வேண்டும் என்று லேப்டாப் கேட்கும். அத்தை கல்லூரியில் முதல் வருஷம் படிக்கும்போது, யார் யார் பென் டிரைவிலிருந்தோ வந்த வைரஸ்கள் சேர்ந்து விண்டோஸைத் தின்று தீர்த்துவிட்டன. மிச்சமிருந்த லினக்ஸை வைத்தே சமாளித்துவிடலாம் என்று அத்தை தீர்மானித்தாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற பெண் அதற்குப் பயப்படலாமா என்ற வீம்பும் அதில் இருந்தது. எனக்கு அதெல்லாம் பொருட்டில்லை. லினக்ஸில் ஒரு பெங்குவின் விளையாட்டு இருந்தது. பனிமலை உச்சியிலிருந்து பெங்குவின் வயிற்றால் சறுக்கிக்கொண்டே இறங்கும். வழியில் கிடக்கிற மீன்களை அது பொறுக்க வேண்டும், பாறையில் மோதக் கூடாது. அவ்வளவுதான் விளையாட்டு.

ஆனால் அந்தப் பெங்குவின் ஒழுங்காகச் சறுக்கியதே இல்லை. கிளம்பிய வேகத்தில் அந்தரத்தில் நின்றுவிடும். நாங்கள் பார்த்துக்கொண்டே இருப்போம். பிறகு திடீரென்று பாறையடியில் மல்லாந்து கிடக்கும். நடுவில் என்ன நடந்தது என்று எங்களுக்குக் காட்டவே காட்டாது.

“செத்துப்போச்சா அத்த?” என்று ஒருநாள் கேட்டேன்.

“சாவல. மூச்சு வாங்குது. சின்னப் பிராசசரு, ரெண்டு ஜிபி ராமு. அதால எவ்வளவு ஏலுமோ அவ்வளவுதான் நாம கேக்கணும்.”

அந்த வருஷக் கோடை விடுமுறை முழுவதும் அத்தை அதனிடம் எப்படிக் கேட்பது என்று கற்றுக்கொண்டாள். டாங்கிளைச் சொருகி, இணையத்தில் யார் யாரோ எழுதிப் போட்டதைப் படித்து, ஒரு நோட்டில் குறித்து வைத்தாள். கருப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளாக ஏதேதோ தட்டுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். பேட்டரியில் ஓடும்போது லேப்டாப் மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காகத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதனால் சார்ஜர் எப்போதும் சொருகியிருக்க வேண்டும் என்று கண்டுபிடித்தாள். பிரவுசர் திறந்திருந்தால் பெங்குவினுக்கு மூச்சு முட்டும் என்பது அடுத்த வாரம் தெரிந்தது. எனக்கு மிகவும் பிடித்த ஒன்றையும் அவள் நிறுத்திவிட்டாள். அந்த லினக்ஸில் ஜன்னல் ஒன்றைப் பிடித்து இழுத்தால் அது தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி தளதளவென்று ஆடும். அழகுக்காக வைத்தது. அந்த ஆட்டத்துக்குத்தான் பாதித் தெம்பு போகிறது என்று சொல்லி அதை அணைத்தாள். நான் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் பெங்குவின் உச்சியிலிருந்து அடிவாரம் வரை ஒரே மூச்சில் சறுக்கி வந்தபோது கோபம் போய்விட்டது.

வீடியோவுக்குத் தனி வைத்தியம். பாட்டு ஓடும், ஆள் நிற்பான். ஆள் ஓடுவான், பாட்டு முடிந்திருக்கும். அதற்கு அத்தை சொன்ன காரணம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

“படத்த விரிச்சுக் காட்டுத வேலைய பூரா பிராசசரு ஒத்த ஆளாச் செய்யுது. உள்ளுக்குள்ள கிராபிக்ஸுன்னு இன்னொரு ஆளு சும்மா நிக்கான். உப்பு மூட்டைய ஒருத்தனே எறக்குனா லாரி எப்பக் கெளம்பும்? அவனையும் கூப்புடணும்லா.”

பழைய பிளேயரை விட்டுவிட்டு, பொத்தான்கூட இல்லாத ஒரு சின்ன பிளேயரை இறக்கினாள். அந்த இன்னொரு ஆளைக் கூப்பிடச் சொல்லி அதில் ஒரு வரி எழுதி வைத்தாள். அன்றிலிருந்து எந்தப் படமும் நிற்காமல் ஓடியது. இதையெல்லாம் பார்த்துப் பார்த்து, ஐந்தாம் வகுப்புக்கு வரும்போது அத்தை இல்லாமலே எல்லாவற்றையும் நானே செய்யும் அளவுக்குத் தேறியிருந்தேன்.

அத்தை கடைசி வருஷப் பரீட்சை எழுதி முடித்ததும், மேலே எம்.சி.ஏ. படிக்க நுழைவுத் தேர்வும் எழுதினாள். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் இடம் கேட்டிருந்தாள். அப்பா அதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கடிதம் வரட்டும், பார்க்கலாம் என்றார். கடிதம் வருவதற்குள் பெரியப்பா ஒரு மாப்பிள்ளையோடு வந்துவிட்டார். நேரில் அல்ல, பென் டிரைவில்.

மாப்பிள்ளைக்குத் திருச்செந்தூர் பக்கம் சொந்த ஊர், சென்னையில் சூப்பர் மார்க்கெட். கடையை விட்டுவிட்டு வர முடியாத நேரம். அதனால் அவருடைய அண்ணன் கல்யாணத்தில் எடுத்த வீடியோவில், மாப்பிள்ளை வருகிற பகுதியை மட்டும் வெட்டிப் பென் டிரைவில் போட்டு அனுப்பியிருந்தார்கள். போட்டோ ஒன்றும் கூடவே வந்தது. பெரியப்பா போட்டோவை நம்பவில்லை.

“போட்டோவுல எல்லாவனும் நல்லாத்தான் இருக்கான். ஆளு நடக்கதப் பாக்கணும், நாலு பேரோட எப்பிடிப் பழகுதான்னு பாக்கணும். புடிச்சிருந்தா ஆடி பொறக்கதுக்குள்ள வெத்தல பாக்கு மாத்திருவோம். ஆடியில ஒண்ணும் செய்ய முடியாது பாத்துக்க.”

ஆடி பிறக்க ஒன்பதோ பத்தோ நாள்தான் இருந்தது. எங்கள் டிவி பழைய டிவி, பென் டிரைவ் சொருக அதில் இடமே கிடையாது. அப்பாவின் போன் பட்டன் போன். அதனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லேப்டாப்பில் மாப்பிள்ளை பார்ப்பது என்று முடிவாயிற்று.

கல்யாணம் என்றதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. புதுப் பாவாடை, மண்டபம், ஐஸ்கிரீம். சனிக்கிழமை மத்தியானம் அடுப்படியில் அம்மா அப்பாவிடம் சொன்னது காதில் விழும்வரை. சீர் எதையெல்லாம் கொடுப்பது என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. “லேப்டாப் அவளுக்குன்னு குடுத்தது. அது அவ கூடத்தான் போவும்” என்றாள் அம்மா.

அத்தை போய்விடுவாளே என்று நான் துடித்துப்போனேன் என்று இப்போது எழுத ஆசையாக இருக்கிறது. உண்மையில் எனக்கு முதலில் நினைவு வந்தது பெங்குவின்தான். அத்தை அதற்குப் பிறகுதான் வந்தாள். அன்று சாயங்காலம் விளையாடும்போது எனக்கு அழுகை வந்து, பெங்குவின் மூன்று முறை பாறையில் மோதியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தை என்னைக் கூப்பிட்டாள். “நீயே எடுத்து வச்சிரு. பென் டிரைவுலருந்து நேரா ஓட்டுனா திக்கும். உள்ள காப்பி பண்ணிட்டு ஓட்டு” என்று சொல்லிவிட்டுத் தலை வாரப் போனாள். அவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் எனக்குப் பார்க்க நேரமில்லை.

வீடியோவைக் காப்பி செய்தேன். பிறகு அத்தை இரண்டு வருஷமாகச் செய்து வைத்ததையெல்லாம் ஒன்றொன்றாகக் கழற்றினேன். அணைத்து வைத்திருந்த தளதளப்பைத் திரும்ப எழுப்பினேன். பிரவுசரில் பத்துப் பன்னிரண்டு பக்கங்களைத் திறந்து பின்னால் மறைத்தேன். சின்ன பிளேயரை விட்டுப் பழைய பிளேயரில் படத்தைப் போட்டேன். கடைசியாகச் சார்ஜரைச் சுவரிலிருந்து பாதி உருவி வைத்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் சொருகியிருப்பது போலவே இருக்கும்.

நாலு மணிக்குப் பெரியப்பா ஒரு மக்ரூன் பொட்டலத்தோடு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு லேப்டாப்புக்கு நேராக உட்கார்ந்தார். அப்பா அவருக்குப் பின்னால் நின்றார். அம்மா அடுப்படி வாசலில், அவளுக்கும் பின்னால் அத்தை. நான் பொத்தானை அமுக்கினேன்.

மண்டப வாசலில் மாப்பிள்ளை வந்தார். யாரையோ பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்டவர் கும்பிட்டபடியே நின்றார். நாதஸ்வரம் மட்டும் நிற்காமல் வாசித்தது. நாங்கள் காத்திருந்தோம். பிறகு ஒரே தாவில் அவர் பந்தியில் இருந்தார், கையில் சாம்பார் வாளி.

“என்னடே இது, நிக்கான், பொறவு பறக்கான்” என்றார் பெரியப்பா.

“படம் விக்குதுண்ணே. பையன் ஒழுங்காத்தான் இருக்கான்” என்றார் அப்பா.

“அது எனக்குத் தெரியுது. நடையில கொற இருக்கா இல்லியான்னு எப்பிடிப் பாக்க? நடக்கதையே காட்ட மாட்டேங்குல்லா.”

மாப்பிள்ளை கண்ணைப் பாதி மூடி, வாயைப் பாதி திறந்து, அப்படியே உறைந்தார். சிரிக்கப் போகிறாரா தும்மப் போகிறாரா என்று தெரியவில்லை. சத்தம் படத்தை விட்டு வெகுதூரம் போய்விட்டிருந்தது. அவர் உதடு அசையும்போது ஏதோ ஒரு பெண் கலகலவென்று சிரித்தாள்.

“மொகமும் ஒரு மாதிரி இருக்கே அத்தான்” என்றாள் அம்மா, பெரியப்பாவிடம்.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. “ஏளா, நீதான் எந்நேரமும் இதப் போட்டு நோண்டிக்கிட்டுக் கெடப்பியே. வந்து சரி பண்ணு” என்று அத்தையைக் கூப்பிட்டார்.

அத்தை வந்தாள். அவள் குனிந்து திரையைப் பார்த்தாள். லேப்டாப்பின் ஓரத்தில் சார்ஜ் ஏறும்போது எரிகிற ஆரஞ்சு விளக்கு எரியவில்லை. அதையும் பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன். விரலை வைத்து வீடியோ ஜன்னலைக் கொஞ்சம் நகர்த்தினாள். மாப்பிள்ளை, சாம்பார் வாளி, பந்தி எல்லாம் சேர்ந்து தளதளவென்று ஆடி அடங்கின. அந்த ஆட்டம் எங்கள் வீட்டில் நின்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அத்தை விரலை எடுத்துக்கொண்டாள்.

“இதுக்குத் தெம்பு அவ்வளவுதாண்ணே. பழசாயிட்டுல்லா” என்றாள். என்னைப் பார்க்காமலே அடுப்படி வாசலுக்குப் போய்விட்டாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அரை நிமிஷத்தில் சரி செய்யக்கூடியவள் அவள். அவளையே ஏமாற்றிவிட்டேன், அத்தையைவிட நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை அடுத்த இலைக்கு நகர்வதற்குள் பேட்டரி தீர்ந்து திரை இருண்டது. பெரியப்பா கொஞ்ச நேரம் இருட்டையே பார்த்தார். பிறகு எழுந்து வேட்டியைச் சரி செய்துகொண்டார்.

“நேர்ல பாக்காம வேண்டாம்ப்பா. பொட்டப்புள்ள வாழ்க்க. ஆடி கழியட்டும், ஆவணியில பையன இங்கன வரச் சொல்லுவோம். நீ என்னம்மா சொல்லுத?”

“நீங்க சொன்னாச் சரிண்ணே” என்றாள் அத்தை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் என் கையில் இல்லை. பென் டிரைவ் திருச்செந்தூருக்குத் திரும்பிப் போயிற்று. மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்கு, ஒரு மாசம் பொறுங்கள் என்ற பதில் பிடிக்கவில்லை. ஆடி பாதியில் கோயம்புத்தூர்க் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. அத்தைக்கு இடம் கிடைத்திருந்தது. அப்பா அதைக் கடையில் வைத்து மூன்று முறை படித்தார். பெரியப்பா வந்து சத்தம் போட்டார். “இன்னும் மூணு வருசம் படிச்சிட்டு வந்தா, அவ படிப்புக்கு மாப்பிள்ளைக்கு எங்கன போவ?” என்றார். அப்பா அதுவரை பெரியப்பாவை மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை. அன்று அவர் பருப்பை நிறுத்துக்கொண்டே, தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

“ஆவணியில வார பையனப் பாப்போம்ணே. பாத்துப் புடிச்சா செய்வோம். அதுவரைக்கும் சும்மா இருக்கதுக்கு அவ போயிப் படிக்கட்டும்.”

ஆவணி வரை அந்தப் பையன் காத்திருக்கவில்லை. அவர்களுக்கு உடன்குடியில் ஒரு பெண் அமைந்துவிட்டதாகவும் ஆவணி முதல் முகூர்த்தத்தில் நிச்சயம் என்றும் ஒருநாள் அப்பா சாப்பிடும்போது சொன்னார். அத்தை ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றி முடித்துவிட்டு உள்ளே போனாள். அம்மாவுக்குத்தான் ஆறவில்லை. “இந்தச் சனியன் அன்னைக்கு ஒழுங்கா ஓடியிருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்” என்று லேப்டாப்பைப் பார்த்துச் சொன்னாள்.

எனக்குப் பயம் பிடித்தது. ஒரு கல்யாணத்தை நான் நிறுத்திவிட்டேன். யாரிடமும் சொல்ல முடியாது. பாவத்துக்குப் பரிகாரமாகப் பெங்குவினைத் தொடுவதில்லை என்று சபதம் எடுத்து, இரண்டாம் நாள் சாயங்காலம் அதை முடித்துக்கொண்டேன். அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. கம்ப்யூட்டர் படிக்கப் போகிறவள் லேப்டாப் இல்லாமலா போவாள்? கல்யாணத்தை நிறுத்தினால் லேப்டாப் வீட்டில் நிற்கும் என்று நினைத்த எனக்கு, படிப்பும் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போகும் என்பது தோன்றவே இல்லை.

அத்தை கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம். அப்பாவும் அம்மாவும் கடையில் இருந்தார்கள். அத்தை பெட்டி கட்டி முடித்துவிட்டு லேப்டாப்பை மடியில் வைத்திருந்தாள். உப்புக் காற்றில் சார்ஜர் முனையில் பச்சை பூத்திருந்தது. அதை என் ரப்பரால் தேய்த்துத் துடைத்து என்னிடம் நீட்டினாள்.

“போயிச் சொருவு. நல்லா அமுக்கிச் சொருவணும். அன்னைக்கு மாதிரி பாதியில விட்டிராத.”

எனக்குக் காது சுட்டது. அத்தை தலை நிமிரவில்லை. குரலில் கோபமும் இல்லை. நான் போய்ச் சொருகினேன், ஆரஞ்சு விளக்கு எரிந்தது. திட்டு விழும் என்று சுவரோரமாகவே நின்றேன். விழவில்லை. தெரிந்திருந்தும் அவள் ஏன் அன்று வாயைத் திறக்கவில்லை என்பது நானும் கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்கு விளங்கியது. ஒரு மாசம் தள்ளிப்போனால் கடிதம் வந்துவிடும். அந்த ஒரு மாசத்தை அவள் யாரிடமும் கேட்கவில்லை. நான் கொடுத்ததை வாங்கிக்கொண்டாள்.

“இங்கன வா, இரு” என்றாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

தேவையில்லாததையெல்லாம் அழித்துக்கொண்டே வந்தவள், நான் காப்பி செய்து வைத்திருந்த அந்த வீடியோவில் வந்து நின்றாள். பிரவுசரை மூடினாள். சின்ன பிளேயரைத் திறந்து அதில் போட்டாள்.

மாப்பிள்ளைக்கு நடையில் ஒரு குறையும் இல்லை. கும்பிட்டார், கையை இறக்கினார், யார் தோளையோ தட்டிவிட்டு உள்ளே போனார். பந்தியில் வேகவேகமாக நடந்தார். ஒரு பெரியவர் போதும் என்று இரண்டு கையாலும் இலையை மறைத்தார். இவர் சிரித்துக்கொண்டே அவர் கை நகரும்வரை நின்று இன்னொரு கரண்டி ஊற்றினார். வரிசைக் கடைசியில் என் வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பாயசம் கொண்டுவந்த ஆள் அவளைக் கவனிக்காமல் திரும்பிவிட்டார். மாப்பிள்ளை வாளியைக் கீழே வைத்துவிட்டு அவள் முன்னால் குத்தவைத்து ஏதோ கேட்டார். அவள் தலையாட்டினாள். அவர் எழுந்து போய் ஒரு டம்ளரில் பாயசம் வாங்கி வந்து அவள் கையில் கொடுத்தார்.

அத்தை படத்தைக் கொஞ்சம் பின்னால் கொண்டுபோனாள். மறுபடி குத்தவைத்தார், மறுபடி ஏதோ கேட்டார். அத்தை சத்தத்தைக் கூட்டி, லேப்டாப்புக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனாள். நாதஸ்வரச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு முறை பின்னால் கொண்டுபோனாள்.

“என்ன கேக்காரு அத்த?”

“தெரியல.”

கேமராக்காரர் கடைசியில் போட்டிருந்த சுற்றுகிற ரோஜாப்பூ வரை பார்த்தாள். பிறகு அதை அழிக்கப் போனாள். நிச்சயமாகவா என்று லேப்டாப் கேட்டது. அந்தக் கேள்வி திரையில் கொஞ்ச நேரம் நின்றது. அத்தை ஆமாம் என்று அமுக்கினாள்.

“பெருசா இருக்கு. எடத்த அடைக்கும்” என்றாள்.

அப்புறம் என்னைக் கடைசியாகப் பெங்குவின் ஆட விட்டாள். நான் ஆடினேன். படம் ஓரிடத்தில்கூட நிற்காமல் ஓடியதில் எனக்குப் பெருமையாக இருந்தது. சார்ஜரைச் சொருகியவள் நான்தானே. ஒரே இடத்தை அவள் மூன்று முறை போட்டுப் பார்த்தது பிளேயர் சரியாக இருக்கிறதா என்று சோதிப்பதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டு, கோயம்புத்தூரிலும் இப்படித்தான் ஓடும் அத்தை, கவலைப்படாதே என்று அவளுக்குத் தைரியம் சொன்னேன்.